மூன்றாம் அறையின் கதவு

ஜூன் 12

அன்புள்ள சித்திக்கு,

கண்ணாடிப் பவரை வைத்து வீட்டில் எல்லோரும் "மைனஸ்" என்று கூப்பிடும் உன் அக்கா மகள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சளி விட்டுவிட்டது. அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முறைத்துக்கொள்கிறது. நீ நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

காகிதத்தில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. பள்ளியில் கடைசி வருடம் என்பதால் என் போன் அப்பாவின் டிராயருக்குள் போய்விட்டது. கீழே கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டரில் மெயில் திறந்தால், பில் போடும் அம்மா தோளுக்குப் பின்னால் நிற்பாள். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் நெட் இல்லை. ஆனால் நீ ஏற்றிவைத்த கேம் செய்யும் மென்பொருள் அப்படியே இருக்கிறது. சித்தி, நான் ஒரு கேம் செய்கிறேன்! பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதியாக இதை எழுதுகிறேன்.

எல்லோரும் படுத்தபிறகுதான் செய்கிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிட்டுப் பிணம் மாதிரிப் படுத்துக்கொள்வேன். இப்போதும் ஒரு காது அந்தப் பக்கம்தான்.

விஷயம் இதுதான். போன வாரம் கடைக்கு ஒரு புது நாற்காலி வந்தது. கண் சோதிக்கும் அறையில் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே அப்பா அதைப் போட்டிருக்கிறார். பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. ஒரு வாடிக்கையாளரின் கண்ணுக்கு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "அவசரமில்ல. முன்ன தெளிவா, இப்ப தெளிவா?" என்று வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்த நாற்காலி என் பொண்ணுக்கு. கண் படிப்பு படிச்சிட்டு வந்து அதுல உக்காருவா." அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டபிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்?

நீ படித்த கல்லூரியில் கேம் வடிவமைப்பு படிக்க ஆசைப்படுகிறேன். அதைப் படித்தால் பிறகு என்ன ஆகலாம்? வேலை உண்டா? மேலே படிக்க வழி உண்டா? நவம்பர் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதில் அப்பாவின் கையெழுத்தும் வேண்டும்.

பதிலைச் சுருட்டையின் வீட்டுக்குப் போடு. என் வகுப்புத் தோழி, தலைமுடி மட்டும்தான் சிக்கல், மனசு நேர். நீ கடை வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, உன் பேச்சு வந்தாலே அப்பா லென்ஸ் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்.

உன் பதிலுக்குத் தவிக்கும்,
மைனஸ்


ஜூன் 28

என் செல்ல மைனஸுக்கு,

சித்தியின் முத்தங்கள். நான் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து துள்ளியதில் காபி கொட்டி, பக்கத்து மேசை அனிமேட்டர் என்னைத் திட்டினான். கேம் செய்கிறாயா? அடிப்பாவி!

என்ன ஆகலாம் என்றா கேட்டாய்? எங்கள் ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டுகிறேன், வா. ஜன்னல் ஓரத்தில் புரோகிராமர்கள். நாம் தாவு என்றால் பொம்மை தாவ வேண்டும், அது அவர்கள் பாடு. எதிரே ஓவியர்கள். மூலையில் ஒருத்தி நாள் முழுக்கச் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு சரளைக்கல்லில் தட்டிக்கொண்டிருப்பாள். நடக்கிற சத்தம் பதிவு செய்கிறாள், அதுவும் ஒரு வேலை! கதை எழுதுபவர் ஒருவர். எல்லோரையும் நேரத்துக்கு முடிக்கச் சொல்லி விரட்டும் புரொட்யூசர் ஒருவர். விளையாடி விளையாடித் தப்பு கண்டுபிடிக்கும் டெஸ்டர்கள். நான் லெவல் டிசைனர். சுவர் எங்கே, கதவு எங்கே, விளையாடுகிறவர் எங்கே திணற வேண்டும், எங்கே துள்ள வேண்டும் என்று தீர்மானிப்பவள். நாங்கள் இப்போது ஒரு கடலடி நகரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். வெளியே சொல்லிவிடாதே.

விண்ணப்பத்தோடு நீ செய்த கேமையும் கேட்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் அதை விளையாடும்போது நீ கவனித்ததையும் எழுதச் சொல்வார்கள். இங்கேதான் எங்கள் தொழிலின் முதல் சட்டம் வருகிறது: ஒருவர் உன் கேமை விளையாடும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. அவர் திணறினாலும், திட்டினாலும், கதவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு கதவைத் தேடினாலும் பேசக் கூடாது. கேம் விற்பனைக்குப் போனபிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் நீ கூடவே போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? என் முதல் சோதனையில் நான், "இடது பக்கம், இடது பக்கம்!" என்று கத்திவிட்டேன். எங்கள் தலைவி அடுத்த முறை என் வாயில் டேப் ஒட்டிவிட்டாள்.

கேமைப் பென்டிரைவில் போட்டு அனுப்பு. அக்காவைக் கேட்டதாகச் சொல். சொல்லாதே, மறந்துவிட்டேன், நீ ரகசியம்!

ஆசையுடன்,
சித்தி


ஜூலை 11

அன்புள்ள சித்திக்கு,

நலம், நலம் அறிய ஆவல். உன் கடிதம் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. கணக்கை இவ்வளவு ஆசையாக நான் திறந்ததே இல்லை.

நீ சொன்ன சட்டம் அப்பாவின் சட்டமேதான்! நேற்று ஒரு அம்மா, எழுத்துப் பலகையைப் படிக்கும் தன் பிள்ளையின் காதில் எழுத்தைக் கிசுகிசுத்தார். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "சொல்லிக் குடுத்தா எப்படிங்க? கண்ணு டெஸ்ட் உங்களுக்கா, பிள்ளைக்கா? உங்க வாய்க்கு நான் கண்ணாடி போட முடியாது." கடையே சிரித்தது. பிள்ளை திணறத் திணற, அப்பா கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். அப்படி நிற்கும்போது அவர் முகம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறது தெரியுமா? வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

பென்டிரைவ் இதோடு வருகிறது. கண்ணாடியைத் தொலைத்த ஒரு பெண்ணின் கதை அது. அவளுக்கு எல்லாமே மங்கல். அறைக்கு அறை லென்ஸ்கள் கிடக்கும். முதல் அறையில் பிளஸ், இரண்டாவதில் மைனஸ். சரியானதை மாட்டினால்தான் கதவு தெரியும். மூன்றாம் அறையில் சிலிண்டர் லென்ஸ். ஒரே திசையில் மட்டும் பவர் உள்ள லென்ஸ் அது, திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சரியான கோணம் வந்தால் சுவரிலுள்ள எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் தெளியும், கதவின் கைப்பிடி தெரியும். உடனே அதைத் தொட வேண்டும். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் திரையின் அடியில், "அவசரமில்ல. முன்ன தெளிவா, இப்ப தெளிவா?" என்று ஒரு வரி வரும். கடைசியாகச் சேர்த்தது, நன்றாயிருக்கிறதா?

மேற்படிப்பு பற்றி நீ எழுதவே இல்லையே?

அன்புடன்,
மைனஸ்


ஆகஸ்ட் 30

அன்புள்ள மைனஸ்,

நான் நலம். பதில் தாமதம், மன்னித்துவிடு. கொஞ்சம் வேலை.

உன் கேமை விளையாடினேன். இரண்டாம் அறையில் கதவு தெரிந்ததும் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். அடியில் வரும் வரியைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அதை மாற்றாதே.

மேற்படிப்புக்கு வருவோம். பட்டம் முடித்ததும் இரண்டு வருட முதுகலை படிக்கலாம். அங்கே எல்லாப் பிரிவினரும் கூட்டாக ஒரு முழு கேமைச் செய்வார்கள். மனிதர்கள் இயந்திரங்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதைத் தனியாகப் படிக்கலாம். ஆராய்ச்சிக்குப் போகலாம், ஆசிரியராகலாம். கேம் என்றால் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. அறுவை சிகிச்சை பழக, விமானம் ஓட்டப் பழக, அருங்காட்சியகத்தில் பிள்ளைகளை நிற்க வைக்க, எல்லாவற்றுக்கும் இந்தப் படிப்பு வேண்டியிருக்கிறது. ஒரு கண் மட்டும் சோம்பலாக இருக்கும் பிள்ளைகளுக்குச் சில மருத்துவமனைகள் கேமையே மருந்தாகக் கொடுத்துப் பார்க்கின்றன. படித்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் நடுவில் மறுபடியும் படிக்கப் போவதும் உண்டு. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. பெரிய ஸ்டூடியோக்களை மட்டும் நம்பாதே. அவர்கள் இன்று ஒன்று சொல்வார்கள், நாளை ஒன்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தி


செப்டம்பர் 9

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். நீ நிஜமாகவே நலமா?

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் "நாங்கள் கடலடி நகரம் கட்டுகிறோம்" என்கிறாய். இரண்டாவதில் "அவர்கள் இன்று ஒன்று சொல்வார்கள்" என்கிறாய். முதல் கடிதத்தில் பக்கத்து மேசை இருந்தது. இரண்டாவதில் தனியாக உட்கார்ந்து கைதட்டுகிறாய். உறையின் பின்னால் முகவரியும் வேறு. கண்ணாடிக்காரர் மகளிடம் மறைக்கிறாயே சித்தி.

கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பயமாக இருக்கிறது, அதனால்தான்.

அப்புறம் ஒரு துணிச்சலான யோசனை. முன்பின் தெரியாதவர்களுக்கு நான் எங்கே போவது? லென்ஸ் அறுக்கும்வரை காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களே! கடைக் கம்ப்யூட்டரில் கேமைப் போட்டுவிடப் போகிறேன். சுருட்டை கொடுத்தது என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டால் தீர்ந்தேன். ஆனாலும் போடப் போகிறேன்!

மைனஸ்


செப்டம்பர் 21

என் மைனஸுக்கு,

எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் நீ பார்த்தது சரி.

உன் பென்டிரைவ் வந்த வாரம்தான் கடலடி நகரத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு காலையில் எல்லோரையும் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள், மாலையில் மேசை காலி. இப்போது ஒரு சின்ன அறையில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே கேம்களைச் சோதித்துக் கொடுக்கிறேன், சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். சொன்னால் நீ பயந்து லேப்டாப்பை மூடிவிடுவாயோ என்று மறைத்தேன். மேற்படிப்பைப் பற்றி உனக்கு எழுதியதெல்லாம் எனக்காக நான் தேடி வைத்தது.

இப்போது சந்தோஷச் செய்தி. அந்தச் சரளைக்கல் செருப்புக்காரி, காபிக்காகத் திட்டிய அனிமேட்டர், நான், மூவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு குட்டி கேம் தொடங்கிவிட்டோம். முதுகலைக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். வேலை போன அன்று அழுதேன். இந்தத் தொழிலே வேண்டாம் என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்.

கடையில் போடு. வாயை மூடிக்கொண்டு பார்.

சித்தி


அக்டோபர் 16

அன்புள்ள சித்திக்கு,

அம்மா நலம். நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னி.

நீ உண்மையைச் சொன்னதும் எனக்குப் பயம் கூடும் என்று நினைத்தாய் அல்லவா? குறைந்துவிட்டது. விழுந்தவள் எழுந்து நின்று கை காட்டுகிற மாதிரி இருந்தது.

கேமைக் கடையில் போட்டேன். சித்தி, மனிதர்கள் விளையாடுகிறார்கள்! ஒரு வக்கீல் முதல் அறையில் மவுஸைத் தட்டித் தட்டி, "ஏம்மா, இது ரிப்பேரா?" என்றார். கதவு தெரிந்ததும் என்னிடம் திரும்பி, "நானே கண்டுபிடிச்சேன் பாத்தியா!" என்றார். ஒரு செவிலியர் கண்ணாடி தயாரான பிறகும் எழுந்திருக்கவில்லை. "இருங்க, இந்தக் கதவ விட்டுட்டுப் போக முடியாது." நான் ஃபிரேம் அலமாரிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் குறித்துவைத்தேன்.

நேற்று மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. அப்பா வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

முதல் இரண்டு அறைகளையும் ஊதித் தள்ளிவிட்டார். மூன்றாம் அறையில் லென்ஸைத் திருப்பினார். சரியான கோணம் வந்தது, கோடுகள் தெளிந்தன, கைப்பிடி தெரிந்தது. அப்பா "ம்ஹும்" என்று சொல்லிவிட்டு அதைத் தாண்டித் திருப்பினார்! மறுபடி வந்தது. மறுபடி "ம்ஹும்". கதவு அவர் மூக்குக்கு முன்னால் இருக்கிறது சித்தி! "அப்பா, அதுதான்" என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தாவணியை வாயில் திணித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் குனிந்து அடியில் இருந்த வரியைப் படித்தார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மைனஸ், அந்த பைஃபோக்கல் ஆர்டர் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

எல்லாக் கண்ணாடிக் கடைக்காரர்களும் அப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேனே! அது அப்பாவின் வாக்கியம். என் கையாலேயே அவர் குரலைப் போட்டு மாட்டிக்கொண்டேன். நீ அப்போதே தெரிந்துதான் சிரித்தாயா? ஏன் சொல்லவில்லை?

இன்று முழுக்க அவர் லென்ஸ் துடைத்துக்கொண்டே இருந்தார். அதுதான் தாங்கவில்லை.

மைனஸ்


அக்டோபர் 24

மச்சினிக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு யாவரும் நலம். என் முழங்காலும் நலம் என்று உன் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அங்கு உன் நலம் அறிய ஆவல். உன் முகவரியைக் கேட்டபோது எதற்கு என்று உன் அக்கா கேட்கவே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கடைக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறது. யார் செய்தது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நாள் முழுக்க என் வாயில் வருகிற வார்த்தையைத் திரையில் பார்த்தபிறகு யாரும் சொல்ல வேண்டியும் இல்லை.

மகளைக் கூப்பிட்டு அதட்டலாம் என்றுதான் திரும்பினேன். அவள் அலமாரிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒருவர் திணறும்போது சொல்லிக் கொடுக்காமல் நிற்பது லேசான காரியம் அல்ல. என்னிடம் வேலைக்கு வந்த ஒருவருக்கும் அது வரவில்லை. இவளுக்கு வந்திருக்கிறது.

உன்னிடம் இரண்டு கேள்விகள். ஒன்று, இந்தப் படிப்பை நம்பிப் பிழைக்க முடியுமா? பூசி மெழுகாமல் எழுது. இரண்டாவது, அந்த மூன்றாம் அறை. எல்லாமே ஒரே மாதிரி மங்கும் கண்ணுக்குச் சிலிண்டர் லென்ஸை மட்டும் வைத்துத் திருப்பினால் ஒரு திசைக் கோடு தெளியும், மற்றது மங்கும். இந்த விளையாட்டில் எல்லாக் கோடும் ஒன்றாகத் தெளிகிறது. அப்படித் தெளிய வழியே இல்லை என்று நான் மேலும் திருப்புகிறேன். சில ராத்திரிகளாகக் கடைக்கு இறங்கிப் போய்ப் பார்த்தாயிற்று. போகும்போது அவள் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. நான் இருமினால் அணைகிறது. பாவம் என்று இப்போதெல்லாம் இருமலை அடக்கிக்கொள்கிறேன்.

கதவு எப்படித் திறக்கிறது? அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்டதாகவும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
அத்தான்


நவம்பர் 2

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அனுப்பியவர் பெயரை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் பிரித்தேன்.

முதல் கேள்விக்குப் பூசாமல் பதில். என் வேலை போய்விட்டது. உங்கள் மகளுக்கும் தெரியும், தெரிந்தபிறகும் அவள் லேப்டாப்பை மூடவில்லை. இந்தத் தொழிலில் ஸ்டூடியோக்கள் வரும், போகும். கையில் இருக்கும் வித்தை போகாது. நாங்கள் மூன்று பேர் சொந்தமாகத் தொடங்கியிருக்கிறோம். முதுகலையில் எனக்கு இடம் கிடைத்து, முந்தாநாள்தான் கடிதம் வந்தது. மருத்துவமனைகளும் பள்ளிகளும்கூட எங்களைப் போன்றவர்களைத் தேடுகின்றன. ஆனால் ஒன்று, அவளை மறுபடியும் கண் பக்கமே இழுத்துவிடாதீர்கள். அவள் நாளைக்குப் பேய் கேம் செய்வாள், செய்யட்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். உங்கள் கடைச் சட்டமும் எங்கள் தொழில் சட்டமும் ஒன்றுதான். ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கிறேன்:

அவசரமில்ல அத்தான். முன்ன தெளிவா, இப்ப தெளிவா?

என்றும் அன்புள்ள,
பிளேன் கண்ணாடி
(பவர் இல்லாதவள் என்று நீங்கள் வைத்த பெயர்தான். மறக்கவில்லை.)


நவம்பர் 10

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் நலம், நலம், நலம்! இதைப் பகலில், கடையில், எல்லோர் கண் முன்னாலும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று கடை விடுமுறை. அப்பா கீழேயிருந்து, "மைனஸ், இங்க வா" என்றார். ஒவ்வொரு படியாக எண்ணி இறங்கினேன். அவர் அந்தப் புது நாற்காலியை இழுத்து வந்தார். பிளாஸ்டிக் உறையைச் சரசரவென்று கிழித்துப் போட்டார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தள்ளினார்.

"உக்காரு. வாயத் திறக்கக் கூடாது."

விளையாடினார். மூன்றாம் அறை. லென்ஸைத் திருப்பினார். கோடுகள் எல்லாம் தெளிந்தன. வழக்கம்போல "ம்ஹும்" என்று தாண்டினார். பிறகு நின்றார். தனக்குள்ளேயே, "முன்ன தெளிவா, இப்ப தெளிவா..." என்று முணுமுணுத்தார். "முன்னதான்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் திருப்பிக் கைப்பிடியைத் தொட்டார்.

"இந்தா திறந்துடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். "என்னங்க, என்ன ஆச்சு?" "ஒண்ணும் ஆகல. கதவு திறந்துச்சு." "எந்தக் கதவு?" "நீ போ, உனக்குப் புரியாது." அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு எப்போதிருந்து தெரியும் என்று யாருக்குத் தெரியும்!

அப்புறம் அப்பா என் பக்கம் திரும்பினார். "சிலிண்டர் மட்டும் வெச்சா அப்படித் தெளியாது. தப்பு. திருத்திட்டு அனுப்பு."

"எங்கப்பா அனுப்பறது?"

"எங்க அனுப்பணுமோ அங்க. பேனா எங்க?"

கையெழுத்துப் போட்டுவிட்டார் சித்தி! கோணலாக, அவசரமாக, மனசு மாறுவதற்குள் போட்டுவிடுகிற மாதிரி. "அப்பா, இந்த நாற்காலி..." என்று இழுத்தேன். அதன் முதுகைத் தட்டிப் பார்த்தார். "நல்ல நாற்காலி. நீ இங்க இருக்கற வரைக்கும் உக்காரு. ராத்திரி முழிச்சுக் கண்ணக் கெடுத்துக்காத, அப்புறம் என் கடைக்கே வாடிக்கையா வருவ" என்றார்.

அவருக்கு அது எப்படித் திடீரென்று பிடிபட்டது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நீ ஏதாவது சொன்னாயா?

கடிதத்தில் தானும் ஒரு வரி எழுத வேண்டுமாம். பேனாவைப் பிடுங்குகிறார்.

உன்,
மைனஸ்

மச்சினிக்கு,
மூணு அறையோடு நிறுத்தி வைத்திருக்கிறாள். நாலாவது அறை எங்கே என்று நீயாவது கேட்டுச் சொல்.
அத்தான்